ஒப்பனை அறைச் சாவி: மண்டபக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கமிட்டி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மண்டபத்தில் ரோபோ நாடகம் போட்ட ராயபுரம் குழுவின் சார்பில் எழுதுகிறேன். முன்பணம், ஜெனரேட்டர் டீசல் எல்லாம் பேசி முடித்த கணக்கு, அதைக் கிளறவில்லை. எங்களுக்கு வேண்டியது ஒப்பனை அறைச் சாவி. ரசீதிலேயே ‘ஒப்பனை அறை உட்பட’ என்றுதான் அச்சடித்திருக்கிறது.

நாடகம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு சாவு வீடு. அழ ஆள் கிடைக்காமல், மனுஷி போலவே இருக்கும் ரோபோவை வாடகைக்கு எடுக்கிறார்கள். அது ஒப்பாரி வைக்க வைக்க மீட்டர் ஓடுகிறது. மரண கானா பாட வந்த பையன்கள் அதோடு போட்டிக்கு நிற்கிறார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குக் கிளம்பி, மீட்டரும் நின்ற பிறகு, அது மூலையில் உட்கார்ந்து அழுகிறது. கம்பெனிக்காரர் வந்து ரிப்பேர் என்கிறார். வீட்டுக் கிழவி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

அந்தக் கண்ணீருக்கு நாங்கள் கிளிசரின் வைப்பதில்லை. ரோபோவாக நடிக்கும் பெண் விளக்கு வெளிச்சத்தில் இமைக்காமல் உட்கார்ந்திருப்பாள். கண் காய்ந்து, தானாகவே நீர் வடியும். அதற்காக நான்கு மாதம் பழகினாள்.

ஞாயிறன்று வடிந்தது வேறு நீர். வாட்ச்மேனைக் கேட்டால் சாவி செயலாளரிடம் என்றார். செயலாளருக்குப் போன் போட்டால் வாட்ச்மேனிடம் என்றார். கதவிடுக்கில் பார்த்தோம்: அண்டாவும் உடைந்த நாற்காலியும் அடுக்கியிருந்தன. மேடைக்குப் பின்னால் இரண்டு புடவையைப் பிடித்துக்கொண்டு மறைவு கட்டி, ஃபேன் கூட இல்லாத இடத்தில் அந்தப் பெண் முகத்தில் வெள்ளிப் பூச்சு பூசிக்கொண்டாள். வியர்வையோடு பூச்சு கரைந்து கண்ணுக்குள் இறங்கிவிட்டது. எரிச்சல் தாங்காமல் வடித்த கண்ணீருக்கு ஜனங்கள் கைதட்டினார்கள். கழுவத் தண்ணீர்க் குழாயும் பூட்டிய அறைக்குள்தான் இருக்கிறது. எதிர்க் கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கித் துடைத்தும் பாதிதான் போனது. அந்த முகத்தோடு ஷேர் ஆட்டோவில் காசிமேடு போனாள். பக்கத்தில் இருந்த குழந்தை கன்னத்தைத் தொட்டு, “அக்கா, நீ பொம்மையா?” என்று கேட்டதாம். “ஆமாண்டா, சார்ஜ் தீர்ந்துபோச்சு” என்றாளாம். மறுநாள் கண் வீங்கி, ஒருநாள் சம்பளம் போனது. அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சாவிதான் இல்லை, அறிவுரைக்குக் குறைவில்லை. மறுநாள் முகூர்த்தம் இருக்கும்போது சாவுப் பாட்டு எதற்கு, இனிமேல் வசனத்தை முன்கூட்டியே கமிட்டியிடம் காட்டுங்கள் என்றார் உங்களில் ஒருவர். நாடக வசனத்தைப் போலீஸ் வாங்கிப் பார்க்க வழிசெய்த 1954-ஆம் வருஷத்து நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளையே, எழுத்தாளர் ஞாநி போட்ட வழக்கில், உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாது என்று தள்ளிவிட்டது. போலீஸ் விட்ட வேலையைக் கமிட்டி எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. ‘ரோபோ நாடகமெல்லாம் நம்ம ஏரியாவுக்கு எதற்கு’ என்றும் அவரே கேட்டார். ரோபோ என்ற சொல்லே நாடகத்தில் பிறந்ததுதான் ஐயா. செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக்கின் நாடகம் 1921-இல் பிராக் நகரில் மேடையேறி அந்தச் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது. ஏரியா என்றால், பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது நம்ம ஜார்ஜ் டவுனில். நாடகங்கள் நடந்த ஒற்றைவாடை தியேட்டர் இருந்ததும் இங்கே பக்கத்தில், வால்டாக்ஸ் சாலையில். இப்போது குழாயோடு ஒரு மேடை வேண்டுமென்றால் மயிலாப்பூருக்குப் பஸ் ஏறச் சொல்கிறார்கள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறும் உங்கள் மண்டபத்தில்தான் நாடகம். அன்று மாலை நான்கு மணிக்கு ஒப்பனை அறைச் சாவியை எங்கள் கையில் கொடுத்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அண்டாவையும் நாற்காலியையும் வெளியே எடுத்து வைக்கவும், முடிந்ததும் திருப்பி அடுக்கவும் எங்கள் பையன்கள் நான்கு பேர் வருவார்கள். சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் நீங்களும் வாட்ச்மேனும் முதலில் பேசி முடிவு செய்துவிடுங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா என்றும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
நாடகக் குழுவுக்காக, ராயபுரத்திலிருந்து