முகவரி இல்லாதவர்மேல் எப்படிப் புகார் கொடுப்பது?

தமிழக நுகர்வோர் பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

மழைக்காலத்துக்கு முன்னால் வீடு வீடாக வந்து, மொட்டை மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங் பண்ணித் தருகிறோம் என்று கார்டு நீட்டுகிறவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன ஆகஸ்டில் நானும் ஒருவரிடம் ஏமாந்தேன். 800 சதுர அடிக்கு 64,000 ரூபாய், 10 வருஷ கேரண்டி. விரிசலைக் கொத்தி அடைத்து, மூன்று கோட் அடித்து, தண்ணீர் தேக்கி நிறுத்திக் காட்டுவதாகப் பேச்சு. இரண்டே நாளில் வேலை முடிந்தது என்று முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

ஐப்பசியில் முதல் மழைக்கே அம்மாவின் அறை ஒழுகியது. அவருக்கு 81 வயது, தானாக எழுந்து உட்கார முடியாது. நடுராத்திரியில் நானும் மனைவியும் கட்டிலோடு அவரைக் கூடத்துக்கு இழுத்து வந்தோம். விடிவதற்குள், அவர் தலை வைத்துப் படுத்திருந்த இடத்தில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்து கிடந்தது. மாடிக்குப் போய் நகத்தால் சுரண்டினேன். வெள்ளைப் பெயின்ட் தாள் மாதிரி உரிந்து வந்தது. அடியில் விரிசல் அப்படியே இருந்தது.

காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்றார்கள். சரி, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று விசாரித்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷ அவகாசமும் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் எதிர்த்தரப்பு முகவரி என்ற இடத்தில் நான் எதை எழுதுவது? என்னிடம் இருப்பது ஒரு கார்டும், சுவிட்ச் ஆஃப் ஆன ஒரு செல் நம்பரும்தான்.

மின் ஒயரிங் ஒப்பந்தக்காரருக்கு அரசு உரிமம் கேட்கிறது. தலைக்கு மேல் இருக்கும் கூரையில் கை வைப்பவருக்கும் ஒரு பதிவு எண் கேளுங்கள். முகவரி சரிபார்த்த பதிவு எண்ணும், எழுத்தில் ரசீதும் இல்லாமல் யாரும் முன்பணம் வாங்கக் கூடாது.

விழிப்போடு இருங்கள் என்று எங்களுக்கே எத்தனை நாள் சொல்வீர்கள்? பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஓய்வூதியப் பணத்தோடு தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடுகளுக்குத்தான் இவர்கள் குறி வைக்கிறார்கள். கரையான் மருந்து, குழாய் வேலை, மாடித் தளம் என்று வருஷா வருஷம் இதே கதைதான். அந்தப் பெரியவர்கள் எந்த விழிப்போடு, யாரை விசாரிப்பார்கள்?

கோபத்தில் ஏதும் கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். அடுத்த ஐப்பசிக்குள் அந்தப் பதிவு எண்ணைக் கட்டாயமாக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வீட்டுக்காரர்