ரிதம் கிட்டாருக்காகக் காத்திருக்கிறேன்

2020 நவம்பர்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ஏசி/டிசி ராக் குழுவின் புது ஆல்பம் ‘பவர் அப்’ 13ஆம் தேதி வருகிறது, ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது என்கிறாய். உன் நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவருக்கு 1980இன் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பம் மாதிரியே வேண்டுமாம். இன்னொருவருக்குப் பழைய பாடகர் பான் ஸ்காட் காலத்துக் கரடுமுரடு வேண்டும். மூன்றாவது ஆள், ரிதம் கிட்டார் வாசித்த மால்கம் யங் இல்லாத குழுவுக்கு ஆல்பம் எதற்கு என்கிறார். வாட்ஸ்அப்பில் பதில் தட்ட ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுவேன், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்றாவது ஆள் கேட்பதுதான் சரியான கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

மேடையில் எல்லோர் கண்ணும் லீட் கிட்டார் வாசிக்கும் ஆங்கஸ் மேல்தான் இருக்கும். பள்ளிச் சீருடை, அரைக்கால் சட்டை, துள்ளல், ஓட்டம். அண்ணன் மால்கம் பின்னால் ஆம்ப்பை ஒட்டி நிற்பார். கோரஸ் பாட மட்டும் மைக் வரை வருவார், பாடி முடித்ததும் பழையபடி பின்னால் போய்விடுவார். ஆனால் அந்தக் குழுவின் சத்தம் முழுக்க அவருடைய வலது மணிக்கட்டில்தான் இருந்தது. அவருடையது 1963ஆம் வருடத்து கிரெட்ஷ் கிட்டார். மேலே இருந்த பெயின்டைச் சுரண்டி எடுத்து, கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகளில் பிரிட்ஜ் பக்கத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிட்டார். கம்பிகள் தடிமனானவை. ஆம்ப் பெரிய மார்ஷல், ஆனால் டிஸ்டார்ஷனை, அந்தக் கரகரப்பை, குறைத்தே வைப்பார். ஏற்ற ஏற்றத்தான் ராக் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தபோது இவர் இறக்கி வைத்தார். அதனால்தான் அவர் ஒரு கார்டை, அதாவது பல சுரங்களைச் சேர்த்து, பிடித்து அடித்தால் கம்பிகள் ஒன்றோடொன்று குழம்பாமல் தெளிவாகக் காதில் விழும்.

‘பேக் இன் பிளாக்’ தலைப்புப் பாட்டையே எடுத்துக்கொள். ஈ, டி, ஏ என்று மூன்றே கார்டில் அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, நடக்கிறது. அடித்த கையோடு கம்பியை அமுக்கிவிடுகிறார்கள். நடுவே ஒரு வெற்றிடம், அதில் டிரம்ஸ் மட்டும். அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் விட்டுவைக்கத் தைரியம் வேண்டும். கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தவன் என்பதால் சொல்கிறேன். கைதட்டு பாடகருக்கு, விசில் லீட் வாசிப்பவருக்கு. ரிதம்காரன் இருந்தானா என்பது அவன் விட்டுவிட்டால்தான் தெரியும். அதனால்தானோ என்னவோ, இந்தக் குழுவில் என் காது முதலில் மால்கமைத்தான் தேடும்.

அவர் இப்போது இல்லை. ‘பிளாக் ஐஸ்’ ஆல்பத்தின் சுற்றுப்பயணத்தின்போதே மறதி நோய் ஆரம்பித்து, தானே எழுதிய ரிஃப்களை மறுபடி கற்றுக்கொண்டு மேடை ஏறினார். 2014இல் விலகினார். 2017 நவம்பர் 18ஆம் தேதி, 64 வயதில் போய்விட்டார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மூத்தவர் ஜார்ஜ், இந்தக் குழுவின் ஆரம்பகால ஆல்பங்களை ஹாரி வாண்டாவோடு சேர்ந்து தயாரித்தவர், அவரும் போயிருந்தார். ஒரே மாதத்துக்குள் இரண்டு அண்ணன்கள். ஆங்கஸ் அதன் பிறகு கிட்டாரை எடுத்ததே பெரிது என்று நினைக்கிறேன்.

ஆனால் ‘பவர் அப்’ பாட்டுகள் எல்லாவற்றிலும் ஆங்கஸ், மால்கம் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. மரியாதைக்காகப் போட்ட பெயர் இல்லை கண்ணு. அண்ணனும் தம்பியும் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த ரிஃப்களிலிருந்துதான் இந்தப் பாட்டுகளை எடுத்திருக்கிறார் ஆங்கஸ். பானுக்கு ‘பேக் இன் பிளாக்’ எப்படியோ, மால்கமுக்கு இது அப்படி என்று அவரே சொல்லியிருக்கிறார். வாசிப்பது ஸ்டீவி யங், இன்னோர் அண்ணனின் மகன். சித்தப்பா மால்கமுக்கும் இவருக்கும் நான்கு வயதுகூட வித்தியாசம் கிடையாது, ஒன்றாகவே வளர்ந்த கை. 1988லேயே மால்கமுக்குப் பதிலாக மேடையில் நின்றவர். அவரும் கிரெட்ஷ்தான் வாசிக்கிறார். எழுதியவர் மால்கம், அடிப்பது அதே வீட்டுப் பிள்ளை. இதைப் போய் ‘மால்கம் இல்லாத ஆல்பம்’ என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முக்கியமான ஆள் போனபின் குழு என்ன ஆகுமோ என்ற பயம் 1980லும் இருந்தது. பிப்ரவரி 19ஆம் தேதி லண்டனில் பான் ஸ்காட் இறந்தார். ஜூலை 25இல் ‘பேக் இன் பிளாக்’ கடைக்கு வந்துவிட்டது. பாடியவர் நியூகாசிலிலிருந்து வந்த பிரையன் ஜான்சன், பஹாமாஸ் தீவில் பதிவு. அந்த ஆல்பம் தொடங்கும்போது வரும் மணியோசைக்குப் பட்ட பாடு தெரியுமா? இங்கிலாந்தில் லஃப்பரோ என்ற ஊரில் ஒரு மணிக்கூண்டில் போய்ப் பதிவு செய்தார்கள். மணி அடித்ததும் உள்ளே இருந்த பறவைகள் படபடவென்று பறந்து, இறக்கைச் சத்தமும் சேர்ந்து விழுந்துவிட்டது. கடைசியில் மணி வார்க்கும் பட்டறைக்கே போய் அடித்து எடுத்துவந்தார்கள். இவ்வளவு மெனக்கெடுகிற ஆட்கள் அண்ணன் பெயரில் வரும் ஆல்பத்தை ஏனோதானோ என்று செய்ய மாட்டார்கள்.

சரி, சத்தம் எப்படி இருக்கும்? ‘எப்பவும் ஒரே மாதிரி’ என்று சொல்கிறவர்கள் கவனித்துக் கேட்டதில்லை. ரிஃப் ஒரே குடும்பம்தான், ஆனால் பதிவு ஆல்பத்துக்கு ஆல்பம் மாறும். ‘பேக் இன் பிளாக்’கைத் தயாரித்த மட் லாங் செய்தது பளபளப்பு. 1983இல் ‘ஃபிளிக் ஆஃப் த ஸ்விட்ச்’சைத் தாங்களே தயாரித்து மொட்டையாக விட்டார்கள். 1990இன் ‘த ரேஸர்ஸ் எட்ஜ்’ பெரிய மைதானத்துக்கென்றே செய்தது. 2000இல் ஜார்ஜ் தயாரித்த ‘ஸ்டிஃப் அப்பர் லிப்’ ப்ளூஸ் பக்கம் சாய்ந்தது, எனக்கு மிகவும் பிடித்த பதிவும் அதுதான். இந்தத் தடவை தயாரிப்பாளர் பிரெண்டன் ஓ’பிரையன், முந்தைய இரண்டு ஆல்பங்களைச் செய்த அதே ஆள். குரலுக்குப் பின்னால் கோரஸை அழகாக அடுக்குவார், எல்லாம் சுத்தமாக இருக்கும். கொஞ்சம் கூடுதல் சுத்தம் என்பதுதான் என் குறை. முதலில் விட்ட ‘ஷாட் இன் த டார்க்’ மூன்று நிமிடச் சொச்சம். அதில் பல்லவியில் கிட்டார் கொஞ்சம் பின்னால் போகிறது. ஆனால் டிரம்மர் பில் ரட் திரும்பி வந்துவிட்டார், அது போதும் எனக்கு. டிரம்ஸில் ஒரு அடி கூடுதலாக அடிக்க மாட்டார். அவர் இருந்தால் ரிதம் கிட்டாருக்குக் காலூன்ற இடம் இருக்கும்.

பிரையனின் குரலைப் பற்றி நீ கவலைப்படுவது நியாயம். 2016இல் இதற்கு மேல் பாடினால் காது முழுக்கப் போய்விடும் என்று மருத்துவர்கள் நிறுத்திவைத்தவர். ‘ஷாட் இன் த டார்க்’கில் எனக்கு அவர் குரல் நன்றாகவே இருக்கிறது. வயது தெரிகிறது, அதை மறைக்கவும் இல்லை. ‘பிளாக் ஐஸ்’ மாதிரி 15 பாட்டு போடாமல் இருந்தால் சரி. 12 என்கிறார்கள், அது சரியான அளவு.

அப்புறம், இவ்வளவும் நடந்தது நீ இருக்கும் வான்கூவரில் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. 2018 ஆகஸ்டில் பிரையனும் பில்லும் ஸ்டுடியோவுக்கு வெளியே நிற்கும் படம் வந்ததே, அதுதான் கனடியப் பாடகர் பிரையன் ஆடம்ஸின் வேர்ஹவுஸ் ஸ்டுடியோ. ஒரு காலத்தில் மளிகை மொத்த வியாபாரிகளின் செங்கல் கிடங்கு. 2000க்குப் பிறகு இவர்களுடைய ஆல்பங்கள் எல்லாம் அங்கேதான். பவல் தெருப் பக்கம் போனால் முகப்பைப் படம் எடுத்து அனுப்பு. மாஸ்க்கைக் கழற்றாமல் போ.

கேட்கும்போது போனில் கேட்காதே. ஹெட்போனும் வேண்டாம், முதல் தடவை ஸ்பீக்கரில் கேள், இரண்டு ஸ்பீக்கரும் தள்ளித் தள்ளி இருக்கட்டும். ஆங்கஸ் ஒரு பக்கம், ஸ்டீவி மறு பக்கம் என்று பிரிந்து வருவார்கள். ஸ்டீவியின் பக்கமாக உட்கார்ந்துகொள். சோலோ வரும்போதும் காதை அந்தப் பக்கமே வை.

நேரக் கணக்கில் இங்கே நள்ளிரவு உனக்குப் பதிமூன்றரை மணி நேரம் முன்னால் வந்துவிடும். நான் கேட்டு முடித்திருப்பேன், ஆனால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், மெசேஜ் அனுப்பித் தொந்தரவு செய்யாதே. நீ முழுசாகக் கேட்டுவிட்டுக் கூப்பிடு, எந்த மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா