ஐந்தரை மணிக்குப் பிறகும் வேதியியல் நடக்கிறது

கோலாலம்பூரில் உள்ள எங்கள் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அவர்களுக்கும் கட்டடப் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும், வேதியியல் துறையின் நுண்பாய்ம ஆய்வுக்கூடத்தார், அதாவது தலைமுடி அளவு வாய்க்கால்களில் திரவத்தை ஓட்டிச் சோதிக்கிறவர்கள், எழுதுவது. வணக்கம்.

ஏர்கோன் ஓடாத நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து அறையைத் திறந்தபோது எங்கள் நுண்ணோக்கியின் லென்சில் பூஞ்சை பிடித்திருந்தது. படத்தை அன்றே உங்களுக்கு அனுப்பினோம். துடைத்தால் போய்விடும் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. போகாது. பூஞ்சை சுரக்கும் அமிலம் லென்சின் மேற்பூச்சை அரித்துவிடும். மேலாகத் துடைத்தாலும் தடம் அப்படியே நிற்கும். இப்போது அந்த வாய்க்கால்கள் உள்ள ரப்பர்ச் சிப்பு எதை வைத்துப் பார்த்தாலும், துளிகளுக்கு நடுவே சிலந்தி நூல் மாதிரி ஒரு கோடு ஓடுகிறது.

இதே விஷயமாக மலாயிலும் ஆங்கிலத்திலும் நாங்கள் எழுதிய கடிதங்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. இந்த மடலைத் தமிழில், ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த ஆய்வுக்கூடத்தில் பாதிப் பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். "இன்னும் படிப்பு முடியலையா?" என்று கேட்கும் அம்மா அப்பாவுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்பது ஒன்றுதான். அந்த ஒரே ஓர் அறைக்கு மட்டும் இரவும் பகலும், சனி ஞாயிறும், பொது விடுமுறையிலும் ஏர்கோன் ஓட வேண்டும்.

மாலை ஐந்தரைக்கு மொத்தக் கட்டடத்துக்கும் குளிரூட்டியை நிறுத்தும் ஏற்பாடு எதற்காக வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. மின்கட்டணமும் சும்மா இல்லை. சேமிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த ஐந்தரை மணி எங்கள் வேலையை எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதை நீங்கள் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும்.

செந்தூலிலிருந்து வரும் ஒரு முதுகலை மாணவியின் ஆய்வைச் சொல்கிறோம். தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று காட்டும் சிப்பு ஒன்றைச் செய்கிறார். சிலிக்கோன் ரப்பரில் தலைமுடி அளவு அகலத்தில் வாய்க்கால்கள். ஒன்றில் எண்ணெய் வரும், இன்னொன்றில் தண்ணீர் வரும்; இரண்டும் சந்திக்கும் முனையில் தண்ணீர் சின்னச் சின்னத் துளிகளாக அறுபடும். ஒவ்வொரு துளியும் ஒரு தனிச் சோதனைக்குழாய். 100 மைக்ரான் விட்டமுள்ள துளியில் அரை நானோலிட்டர் தண்ணீர்தான் இருக்கும். நிறம் காட்டும் வேதிப்பொருள் அதற்குள் எவ்வளவு சேர்கிறது என்பதை வைத்துத்தான் ஈயத்தின் அளவைச் சொல்ல முடியும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அவ்வளவு சின்ன அளவைப் பிடிக்க வேண்டுமானால் எல்லாத் துளியும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும்.

சரி, இதில் ஏர்கோன் எங்கே வருகிறது? சிரிஞ்சுப் பம்ப்பு நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் தள்ளுகிறது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், போய் முடிய எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை ஒன்பதுக்கு வந்து, சிப்பைக் கழுவி, குமிழி இல்லாமல் குழாய்களை நிரப்பி, ஓட்டம் ஒரு சீருக்கு வரும்போதே மணி பத்தரை. அங்கிருந்து கணக்குப் போட்டால் ஓட்டம் முடியக் கிட்டத்தட்ட ஏழு மணி ஆகிவிடும். ஐந்தரைக்கு ஏர்கோன் நின்றுவிடுகிறது. 22 பாகையில் இருந்த அறை கொஞ்சம் கொஞ்சமாக 29ஐத் தொடுகிறது. சூடு ஏற ஏற எண்ணெய் இளகுகிறது, எண்ணெய் இளகினால் துளி பெருக்கிறது. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் போதும், துளியின் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் ஒன்றோடொன்று ஒட்டாது.

அதனால் அந்தப் பெண் என்ன செய்கிறார் தெரியுமா? ஐந்தரைக்குப் பிறகு வரும் அளவுகளை எல்லாம் தூக்கிப் போடுகிறார். கடைசிப் பகுதி இல்லாத சோதனையை முழுச் சோதனை என்று யாரும் ஏற்பதில்லை. மறுநாள் மறுபடி முதலிலிருந்து. சில நாள்களில் கடையில் ஐஸ் கட்டி வாங்கி வந்து, நெகிழிப் பெட்டியில் போட்டு, பம்ப்பைச் சுற்றி அடுக்கி வைக்கிறார். ஐஸ் உருகினால் அறையில் ஈரம் இன்னும் கூடுகிறது, அந்த ஈரம் லென்சுக்குப் போகிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கும் பிள்ளை ஐஸ் கட்டி சுமந்து வந்து வேதியியல் செய்ய வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுப்பில் உள்ளவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கழிவைக் கொட்டியபோது ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் மாசு கலந்ததால் சுங்கை சிலாங்கூரின் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் குழாய் வறண்டது. வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களில் நாங்களும் இருந்தோம். அங்கே கலந்தவை வேறு பொருள்கள்தாம். என்றாலும் அந்த நாள்களில் தேவைப்பட்டது ஒன்றே: ஆற்றங்கரையிலேயே நின்று, ஒரு சொட்டுத் தண்ணீரில், உடனே பதில் சொல்லும் கருவி. எங்கள் துறை அதற்காகத்தான் இருக்கிறது.

அதுவும் செலவு குறைந்த துறை. 1998இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு சிலிக்கோன் ரப்பரில் இந்தச் சிப்புகளை வேகமாக வார்க்கும் முறையை வெளியிட்ட பிறகு, பெரிய தொழிற்சாலை வசதி இல்லாத ஆய்வுக்கூடங்களுக்கும் இது எட்டியது. ரப்பர் பாகத்தையும் இறுக்கும் பொருளையும் பத்துக்கு ஒன்று என்று கலந்து, குமிழி நீக்கி, அடுப்பில் வைத்தால் சில மணி நேரத்தில் சிப்பு தயார். எங்களுக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். மாறாத குளிரும் காய்ந்த காற்றும் போதும்.

இதற்கு இதுவரை கிடைத்த பதில்களையும் சொல்ல வேண்டும். ஆய்வு மானியத்தில் தனி ஏர்கோன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பராமரிப்புப் பிரிவு சொல்கிறது. மானியப் பணத்தைக் கட்டடச் செலவுக்குத் தொடக் கூடாது என்று நிதிப் பிரிவு சொல்கிறது. துறைத்தலைவர் தன் பொறுப்பில் பணம் திரட்டித் தருகிறேன் என்றார். அப்போது, கம்பி இழுக்க அனுமதி இல்லை என்று மறுபடி பராமரிப்புப் பிரிவு. இந்த இரண்டு அலுவலகங்களும் ஒரே மாடியில்தான் இருக்கின்றன. ஒரு நாள் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நுழைவாயிலில் தரவரிசையைக் கொட்டை எழுத்தில் போட்டுப் பதாகை கட்டியிருக்கிறீர்கள். அந்தத் தரவரிசைக்கு எங்கள் ஆய்வுக் கட்டுரைகளும் கணக்கில் சேர்கின்றன. விருந்தினர் வரும் நாளில் முகப்பு மண்டபம் நள்ளிரவு வரை குளிர்கிறது. உதவித்தொகை மாதக் கடைசி தாண்டி வருகிறது, கேட்டால் கணினியைக் காரணம் காட்டுகிறார்கள். விருந்தினருக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சம் இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் வர வேண்டாமா? மன்னிக்கவும், உதவித்தொகை தனி வழக்கு. அதைத் தனியாகவே எழுதுகிறோம்.

அறைக்கு வருவோம். அந்த ஒரே அறைக்குத் தனி ஏர்கோனும், ஈரத்தை இழுக்கும் ஒரு கருவியும், அவற்றுக்கு இரவிலும் நிற்காத மின்சாரமும் வேண்டும். மற்ற அறைகளில் ஐந்தரைக்கு நிறுத்துங்கள், வகுப்பறைகளில் நிறுத்துங்கள், எங்கள் எழுத்து மேசைகள் இருக்கும் பகுதியிலும் நிறுத்துங்கள்; விசிறி போட்டுக்கொண்டு எழுதுவோம். பம்ப்பும் நுண்ணோக்கியும் இருக்கும் அறையை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்த நீண்ட விடுமுறைக்குள் இது நடந்தால் மீதி லென்சுகளையாவது காப்பாற்றலாம். பாதிக்கப்பட்ட லென்சை மாற்றுவதற்கான விலைப்புள்ளியைத் துறை அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம். உங்கள் பிரிவிலிருந்து ஒருவரை, மாலை ஐந்து மணிக்கு வந்து ஏழு மணி வரை எங்களோடு இருக்கும்படி, தயவுசெய்து அனுப்பி வையுங்கள். துளி பெருப்பதைத் திரையிலேயே காட்டுகிறோம்.

பணிவுடன்,
வேதியியல் துறை நுண்பாய்ம ஆய்வுக்கூடத்தின் மாணவர்களும் ஆய்வு உதவியாளர்களும்
கோலாலம்பூர்