பழைய லாரிகளுக்குப் புகை வடிகட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்னைத் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் கக்கும் கரும்புகையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பழைய வண்டிகளை உடைப்புக்கு அனுப்ப வேண்டும் என்பதே தீர்வாகச் சொல்லப்படுகிறது. கடன் வாங்கி ஒன்றிரண்டு வண்டிகளை ஓட்டுபவர்களால் அது ஆகிற காரியமல்ல. ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளிலேயே துகள் வடிகட்டி பொருத்தும் வழியை அரசு ஆராய வேண்டும்.

கந்தகம் மிகுந்த டீசல் இத்தகைய வடிகட்டிக்கு ஒத்துவராது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) கந்தகமே உள்ள டீசல் விற்கப்படுவதால், அந்த முக்கியமான தடை விலகிவிட்டது. சைலன்சர் இருக்கும் இடத்தில் பொருத்தப்படும் இந்த வடிகட்டிக்குள் தேனடை போன்ற பீங்கான் கட்டி இருக்கிறது. முனைகள் மாறி மாறி அடைக்கப்பட்ட அதன் நுண்குழாய்ச் சுவர்களை ஊடுருவிப் புகை வெளியேறும்போது, கரித்துகள்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். தங்கிய கரி அவ்வப்போது எரிந்து தீர வேண்டும். ஆனால் துறைமுக வாயிலை நோக்கி மணிக்கணக்கில் ஊர்ந்து நிற்கும் லாரியின் புகையில் அதற்கான வெப்பம் கிடைப்பதில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், இழுவை குறையும், கடைசியில் ஓட்டுநரே அதைக் கழற்றிப் போட்டுவிடுவார். (அவரைக் குறை சொல்லவும் முடியாது.) எனவே இந்த வண்டிகளுக்குத் தனியே சூடேற்றிக் கரியை எரிக்கும் வகைதான் பொருந்தும். ஆயில் குடிக்கும் எஞ்சினைப் பழுது பார்க்காமல் எந்த வகையைப் பொருத்தினாலும் வீண்தான். ஆயிலின் சாம்பல் எரியாது, அடைப்பாகவே நின்றுவிடும்.

டோக்கியோ மாநகரம் 2003 அக்டோபர் முதல், துகள் வரம்பை மீறும் டீசல் லாரிகள் ஓடத் தடை விதித்து, வடிகட்டி பொருத்துவதற்கு மானியமும் வழங்கியது. ஜப்பானிய வணிக நிறுவனமான மிட்சுயி விற்ற வடிகட்டிகளின் சோதனை முடிவுகள் திரிக்கப்பட்டிருந்தது மறு ஆண்டே அம்பலமானது. அதற்குள் 20,000-க்கும் மேற்பட்டவை விற்றுத் தீர்ந்திருந்தன. விற்பவர் தரும் தாளை நம்பி இங்கும் மானியம் கொடுத்தால் அதே கதைதான் நடக்கும். ஒரகடத்தில் வாகனப் பரிசோதனை மையம் இருக்கும்போது, ஒவ்வொரு வகை வடிகட்டியையும் அங்கே சோதித்த பிறகே அனுமதிப்பதில் சிரமம் இருக்காது.

பொருத்திய பிறகு கண்காணிப்பதற்கு, புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கும் இப்போதைய புகைச் சோதனை போதாது. வடிகட்டியில் விழுந்த சிறு விரிசலை அது காட்டிக்கொடுக்காது. நெதர்லாந்து 2023 முதல் டீசல் வண்டிகளின் தகுதிச் சோதனையில் துகள்களை எண்ணும் கருவியைப் பயன்படுத்துகிறது. எட்டு ஆண்டு கடந்த லாரிகள் இங்கே ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வந்தாக வேண்டும் என்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் அக்கருவியை வைத்து, துறைமுகத்துக்கு ஓடும் வண்டிகளிலிருந்து இத்திட்டத்தைத் தொடங்குமாறு போக்குவரத்துத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவொற்றியூர்.