உயிலில் எழுதினால் மட்டும் துப்பாக்கி வந்துவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பாகப்பிரிவினை, பட்டா மாற்றம், நகை அடமானம் என்று வாசகர்கள் கேட்கும் சட்டக் கேள்விகளுக்கெல்லாம் உங்கள் நாளிதழில் பதில் வருகிறது, நல்ல விஷயம். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர் இறந்துபோனால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமப் பிரிவில் சில வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதுகிறேன்.

துப்பாக்கி என்றாலே பண்ணையார், எஸ்டேட் முதலாளி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களிடம் வந்தவர்களில் நிறையப் பேர் ராணுவத்திலிருந்து வந்து பேங்க் வாசலில் காவலுக்கு நின்றவர்கள், மலையடிவாரத்தில் தோட்டம் வைத்துக்கொண்டு காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டியவர்கள். அவர்கள் போன பிறகு இரட்டைக்குழல் துப்பாக்கி பீரோவுக்குப் பின்னால் சாத்தியபடி இருக்கும், தோட்டாக்கள் ஏதாவது பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாரிசு சான்றிதழ் வாங்கி, பேங்க் கணக்கையெல்லாம் மாற்றி முடித்த பிறகுதான் யாருக்காவது அந்த ஞாபகமே வரும். கேட்டால், "லைசென்ஸ் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இருக்கே சார்" என்பார்கள்.

அங்கேதான் சிக்கல். லைசென்ஸ் அந்த ஆளுக்குக் கொடுத்தது, துப்பாக்கிக்கோ வீட்டுக்கோ கொடுத்தது இல்லை. அவர் இறந்துவிட்டால் புத்தகத்தில் எத்தனை வருடம் பாக்கி இருந்தாலும் மனைவியோ மகனோ அதை வைத்துக்கொள்ள அதில் அனுமதி கிடையாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, தேவையில்லாத தாமதம் செய்யாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். தோட்டாக்களையும் சேர்த்துத்தான், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஒப்படைத்ததற்கு ரசீது கண்டிப்பாக வாங்குங்கள், துப்பாக்கியின் நம்பர் அதில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. கணவரை இழந்த ஒரு அம்மாவின் மேல் இந்தக் கேஸ் பாயக்கூடும் என்பதைச் சொல்லக்கூட இங்கே ஆள் இல்லை.

சரி, உயில் எழுதி வைத்திருந்தால்? உயில் சொத்துரிமையைத்தான் கொடுக்கும். கையில் வைத்துக்கொள்ள அந்த மகன் தன் பெயரில் தனியாக லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும், அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று எல்லாம் உண்டு. மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிவரச் சொல்வார்கள். இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும் வாரிசுதான், அவர் கையெழுத்தை விட்டுவிட்டு வந்து திரும்பிப் போனவர்கள் பலர். தங்கைக்கும் அண்ணனுக்கும் நிலத்தகராறு இருந்தால் இந்த ஒரு கையெழுத்துக்காகவே ஃபைல் வருடக்கணக்கில் தூங்கும், துப்பாக்கி ஸ்டேஷனில் துருப்பிடிக்கும். விதிகளில் சொன்ன காலத்துக்குள் திரும்ப வாங்கவோ விற்கவோ இல்லை என்றால் கலெக்டர் உத்தரவு போட்டு அரசே எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இருக்கும் என் உறவுக்காரப் பையன், "ஒரு டிரஸ்ட் போட்டு அதன் பேருக்கு மாத்திட முடியாதா?" என்று கேட்டான். அங்கே 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வரும் சைலன்சர், இயந்திரத் துப்பாக்கி போன்றவற்றை டிரஸ்ட் பெயரில் வைத்துக்கொள்கிறார்கள், வாரிசுக்கு வரி இல்லாமல் மாற்ற 5-ம் எண் படிவம் என்று தனியாகவே இருக்கிறது. அங்கேயும் 2016-லிருந்து டிரஸ்டில் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் கைரேகையும் போட்டோவும் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் பேங்க், கம்பெனி பெயரில் லைசென்ஸ் உண்டே தவிர, வீட்டுத் துப்பாக்கியைக் குடும்ப டிரஸ்டில் போட்டுவிட்டு ஆளாளுக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது.

ஆனால் ஒரு நல்ல வழி இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 25-வது விதியைப் பாருங்கள். லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே, அவர் உயிரோடு இருக்கும்போதே தான் விரும்பும் வாரிசைக் காட்டி அவருக்கு லைசென்ஸ் கேட்கலாம். அப்பாவே நேரில் வந்து "இவனுக்குக் கொடுங்கள்" என்று சொல்லும்போது பாதித் தகராறு எழாமலே போய்விடும். பழைய ஜமீன் வீடுகளில் மூன்று நான்கு துப்பாக்கி இருந்த காலம் போய்விட்டது, பரம்பரைச் சொத்தாக வந்தாலும் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று 2019 திருத்தம் சொல்கிறது. (மசோதாவில் முதலில் ஒன்று என்றுதான் இருந்தது, எதிர்ப்பு வந்ததும் இரண்டாக்கினார்கள்.) ஆகவே யாருக்கு எது என்று முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

என் கோரிக்கை சின்னதுதான். லைசென்ஸைப் புதுப்பிக்க வரும் பெரியவர்களிடம் இந்த 25-வது விதியைத் தமிழில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், வாரிசின் விண்ணப்பத்தை மறுத்தால் வாயால் "முடியாது" என்று சொல்லி அனுப்பக்கூடாது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று சட்டத்தின் 14-வது பிரிவிலேயே இருக்கிறது, 18-வது பிரிவில் மேல்முறையீடும் உண்டு. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியும், கேட்பவர்களுக்குத்தான் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த்துறை ஊழியர்,
திண்டுக்கல் மாவட்டம்