கீழ் இலை மஞ்சள்

சேலம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே உன் தங்கச்சிதான் கொஞ்சம் வாடியிருக்கிறாள். வாசல் கூட்டினாலே மூச்சு வாங்குகிறது, நகமெல்லாம் வெளுப்பு. சோதித்ததில் ஹீமோகுளோபின் 8.6. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை அவள் காலைக் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். காபி இரும்பை உடம்பில் சேரவிடாது என்றால், "காபித் தோட்டக்காரர் பேசுகிற பேச்சா இது?" என்கிறாள்.

அந்தத் தோட்டத்துக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஏற்காட்டில் மச்சினனோடு சேர்ந்து பார்க்கிற அரை ஏக்கரில், மழை முடிந்ததும் காபிச் செடிகள் மஞ்சள் பிடித்தன. முப்பது வருஷம் உயிரியல் பாடம் நடத்தியவன் அல்லவா, வண்டியை விட்டு இறங்கும்போதே "இரும்புச் சத்துக் குறைவு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வீட்டில் நடந்ததே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது போல. இரும்பு மருந்து வாங்கி அடித்தோம். ஒரு மாதம் போனது, காசும் போனது, மஞ்சள் போகவில்லை.

அப்புறம்தான் செடி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். நுனித் தளிர் பளிச்சென்று பச்சை. மஞ்சள் எல்லாம் கீழே, முதிர்ந்த இலைகளில். அதிலும் நரம்பும் அதன் ஓரமும் பச்சையாக நிற்க, இடையில் மட்டும் வெளுத்து, மீன் முள்ளை இலையில் பதித்த மாதிரி. பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. இரும்பு ஒரு இலைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். அது குறைந்தால் தளிர்தான் முதலில் வெளுக்கும். மெக்னீசியம் அப்படியில்லை. தட்டுப்பாடு வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து அதை உருவித் தளிருக்கு அனுப்பிவிடும். எந்த வீட்டில்தான் அப்படி நடக்கவில்லை, சொல்லு.

பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு மெக்னீசிய அணு. நான்கு நைட்ரஜன் புள்ளி வைத்து, சுற்றிக் கார்பனால் இழுத்த சிக்குக் கோலம் என்று நினைத்துக்கொள், மெக்னீசியம் நடுப்புள்ளி. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைப் பிடித்துச் சுமக்கிற ஹீம் என்ற பகுதியிலும் ஏறக்குறைய அதே கோலம்தான், நடுவில் மட்டும் இரும்பு. வில்ஸ்டேட்டர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பச்சையத்தை ஆராய்ந்ததற்காக 1915இல் நோபல் பரிசு வாங்கினார். 1930இல் ஹான்ஸ் பிஷருக்குக் கொடுத்தபோது, ஹீமிலிருந்து கிடைக்கிற ‘ஹீமின்’ என்ற பொருள், பச்சையம் இரண்டின் அமைப்பையும் சேர்த்தே சொன்னார்கள். இலைக்குள் இரண்டும் ஒரே வழியில்தான் உருவாகி வருகின்றன. புரோட்டோபார்பிரின் என்ற பொருள் வரை வந்ததும் வழி பிரிகிறது. அங்கே ஒரு நொதி இரும்பைச் சொருகினால் ஹீம், இன்னொன்று மெக்னீசியத்தைச் சொருகினால் பச்சையத்தை நோக்கிப் பயணம்.

செடிக்கு எதற்கு ஹீம் என்று கேட்காதே. ஓமலூர்ப் பக்கம் கடலைக் கொல்லையில் ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் நசுக்கிப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இளஞ்சிவப்பு. "கடலைக்கு ரத்தம் வருதுடா" என்று நீ கத்தினாய். அது லெக்ஹீமோகுளோபின், நம்முடையதற்குத் தூரத்துச் சொந்தம். நைட்ரஜனைப் பிடித்துத் தருகிற பாக்டீரியாவின் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதனால் ஆக்சிஜனை அளந்து விடுகிற வேலை அதற்கு.

வேடிக்கை என்னவென்றால், மலையிலிருந்து இறங்கினால் அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கம், மேக்னசைட் என்கிற மெக்னீசியத் தாது. மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே பேர் வைத்த ஊர் நம் ஊர். ஊருக்கு அந்தப் பக்கம் கஞ்சமலை, முழுக்க இரும்புத் தாது. இரண்டு நடுப்புள்ளிகளும் ஊருக்கு இரண்டு பக்கம் குவிந்து கிடக்க, மேலே செடி ஒன்றுக்கு ஏங்குகிறது, கீழே உன் தங்கச்சி இன்னொன்றுக்கு. வெள்ளைக்கல் தண்ணீரில் லேசில் கரையாது, மலைக்கு ஏறியும் வராது. மலை மண்ணில் இருந்த கொஞ்சத்தையும் மழை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. போதாக்குறைக்கு மச்சினன் பொட்டாஷை வாரி இறைத்திருந்தான். பொட்டாசியம் மிஞ்சினால் வேர் மெக்னீசியத்தைச் சரியாக எடுக்காது. இப்போது மெக்னீசியம் சல்பேட் கரைத்து அடித்திருக்கிறோம். புது இலைகள் பழுதில்லாமல் வருகின்றன.

இவளுக்குத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. "ரத்தம் ஊறும்" என்று தினமும் கீரை. நேற்றுப் புளி ஊற்றிக் கடைந்தாள். சட்டியில் பச்சை போய்ச் சாணி நிறம் வந்தது. புளிப்பு பட்டால் பச்சையத்திலிருந்து மெக்னீசியம் கழன்றுவிடும், அதுதான் காரணம் என்றேன். "இரும்பு இருக்கா, இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றாள். இருக்கிறது, ஆனால் அந்தப் பச்சையில் இல்லை. கீரையில் இருக்கிற இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். கறியில் இருப்பதுபோல ஹீமாக உள்ளே போகிற இரும்புதான் சுலபமாகச் சேரும். என் அம்மா பிள்ளை பெற்றவளுக்கெல்லாம் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், சுட்டுக் கொடுப்பாளே, அது சரிதான். 120 நாள் ஓடி ஓய்ந்த சிவப்பணுவைப் பிரித்து இரும்பை எடுத்து வைக்கிற இடம் மண்ணீரல்.

அதனால் இன்று விடியற்காலையிலேயே கறிக்கடைக்குப் போனேன். தீர்ந்துவிட்டதாம். "ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான சார் இருக்கும், சனிக்கிழமையே சொல்லி வெச்சிருக்கணும்" என்றார் கடைக்காரர். அடுத்த வாரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்,
மச்சான்