கொடிக்கம்பைப் பிடித்தவன் எழுதுவது

அண்ணே,

"'நீங்கள்' என்று எழுதுங்கப்பா, நாலு பேர் படிக்கிற இடம்" என்கிறாள் மகள். அவள்தான் தட்டச்சு செய்கிறாள். ஒரே கம்பளிக்குள் காலை மடக்கிப் படுத்த நமக்குள் என்ன 'நீங்கள்'? நீ என்றே எழுதுகிறேன். வேறு சில இடங்களில் அந்த நாலு பேரை நினைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அங்கே நான் சுருக்கினால் நீ விரித்துப் படித்துக்கொள்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். விமானத்தில் போனால் சீக்கிரம் கொழும்பு, அங்கிருந்து மலை என்று எல்லோரும் சொன்னார்கள். கப்பலில் வந்தவன் கப்பலில்தான் திரும்பிப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். எங்களை ஏற்றி வந்த 'ராமானுஜம்' கப்பல் நின்று 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2023-ல் தொடங்கிய இந்தப் புதுக் கப்பல் விட்டு விட்டுத்தான் ஓடுகிறது. ஓடுகிற நாளில் ஏறிக்கொள்வேன். யாழ்ப்பாணத்தில் ரயில், பொல்காவலையில் மாறினால் நுவரெலியாவுக்குப் பக்கத்து ஸ்டேஷன் நானு ஓயா. ஏப்ரல் சீசனுக்கு அங்கே இருப்பேன்.

கடிதம் போட்டால் நீ பிரிப்பதில்லை. உன் மகன் போனில் எல்லாவற்றையும் பார்ப்பான் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இப்படி ஊர் பார்க்க எழுதுகிறேன். கோபப்படாதே. கோபப்பட்டாலும் படி.

இந்த ஏப்ரலோடு அந்தக் கோல்ஃப் ஆட்டத்தின் பதினெட்டாம் குழிக்கு 48 வருஷம்.

ஊட்டித் திடலில் புல் வெட்டுகிற வேலையில் நான் இருந்த கடைசி வருஷங்கள். 2019 ஜனவரியில் கோல்ஃபுக்குப் புது விதிகள் வந்தன. விளையாட வந்த ஒரு டாக்டர் தன் கூட்டாளிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய மட்டப் புல்லில், பந்தைத் தட்டும்போது இனிமேல் குழியில் நிற்கிற கொடிக்கம்பை எடுக்க வேண்டியதில்லையாம். பந்து கம்பில் பட்டாலும் தண்டனை இல்லையாம். யாராவது கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தெரியாமல் பட்டுவிட்டாலும் ஒன்றுமில்லையாம். நான் மிஷினை நிறுத்திவிட்டேன். "என்னப்பா, பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு, அந்த மஞ்சள் பூ முள்ளுச்செடி ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். (நம் ஊர் மேட்டில் இருந்த அதே செடி இங்கேயும் இருக்கிறது அண்ணே. வெள்ளைக்காரன் எங்கெல்லாம் குளிர் கண்டானோ அங்கெல்லாம் ஸ்காட்லாந்தைக் கொண்டுவந்து நட்டிருக்கிறான்.) 42 வருஷம் கழித்து மாற்றியிருக்கிறார்கள், பாவிகள்.

மற்றவர்களுக்காக நாலு வரி, நீ தாண்டிப் போ. நுவரெலியா கோல்ஃப் திடல் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, பீதுருதலாகல மலையின் அடியில். 1890 வாக்கில் ஸ்காட்லாந்துக்காரர்கள் போட்டது. கொழும்பு கிளப் அதற்கும் மூத்தது. 1879 வாக்கில் காலிமுகத்திடலில் ஆடத் தொடங்கினார்கள். இலங்கை அமெச்சூர் பட்டப் போட்டி 1891-ல் ஆரம்பம், இந்தியாவின் போட்டிக்கு ஒரு வருஷம் முந்தி. நாங்கள் இருவரும் அந்த மலைத் திடலில் கேடிகள், அதாவது பை தூக்குகிறவர்கள். இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்து இறங்கியதும் மண்டபம் முகாமில் "என்ன வேலை பார்த்தாய்?" என்று கேட்டவரிடம் "கேடி" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தப் பக்கம் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் படம் ஒட்டியிருக்கிற ஆள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இந்த வருஷக் கணக்கெல்லாம் எனக்கு நீ சொன்னதுதான். நான் கைக்காசை எண்ணிக்கொண்டு வருவேன். நீ தொரைமார் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு வருவாய். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கிளப் கதையை நம் லயத்து வீட்டு வாசலில் நீ சொன்ன இரவு இன்னும் காதில் இருக்கிறது. அங்கே புதுத் தலைவர் பதவிக்கு வருகிற அன்று காலையில் ஒரே ஒரு பந்து அடிப்பார், கூடவே பீரங்கி வெடிக்கும். கேடிகள் தூரத்தில் நின்று அந்தப் பந்துக்குப் பாய்வார்கள். எடுத்து வந்து கொடுக்கிறவனுக்குத் தலைவர் கையால் தங்கக் காசு. தங்கக் காசு என்றதும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. நீ என்ன சொன்னாய் தெரியுமா? "காசு யாருக்கு வேணும்? நான்னா அந்தப் பந்தைத் திருப்பிக் குடுக்க மாட்டேன்."

அப்படிப்பட்ட ஆள் நீ. அதுதான் எனக்குப் பயம்.

72-லும் 75-லும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு வெள்ளைக்காரத் தொரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள், தூக்கப் பைகள் குறைந்துபோயின. ஆனாலும் ஏப்ரல் வந்தால் மலையேறும் கார்ப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கோல்ஃப் எல்லாம் ஒரே மாதத்தில் வந்துவிடும். கொழும்பே மேலே ஏறி வந்த மாதிரி இருக்கும். பெரியவர்களின் போட்டிகள் முடிந்த பிறகு நம்முடைய போட்டி. அதை எந்தப் பலகையிலும் யாரும் தங்க எழுத்தில் எழுதவில்லை என்பதால் நான் இங்கே எழுதி வைக்கிறேன். நாலு மட்டை வைத்திருக்கிறவன் இரண்டு மட்டைக்காரனுக்கு நாலு அடி விட்டுக்கொடுக்க வேண்டும். அதுதான் நம் ஹேண்டிகேப், குறைந்தவனுக்குக் கொடுக்கிற சலுகை. தொலைந்த பந்தைத் தேட எல்லோரும் இறங்க வேண்டும், கிடைத்தால் அது தேடிக் கண்டவனுக்கு. பரிசு, யாரோ ஒரு தொரை விட்டுப்போன மரப்பிடி மாஷி, பழைய காலத்து இரும்புத் தலை மட்டை. ஜெயித்தவன் ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம், ஆணியால் பிடியில் தன் பெயரைக் கீறிக்கொள்ளலாம். ஏழோ எட்டோ பெயர்கள் இருந்தன. உன் பெயருக்கு நீ முன்கூட்டியே இடம் பார்த்து வைத்திருந்தாய், வெண்கல வளையத்துக்குச் சற்று மேலே. எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் கொழும்பு ஐயா ஒருவர் வேறு வேடிக்கை பார்க்க நின்றார். ஜெயிக்கிற பையனைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் வேலை போட்டுத் தருவதாகச் சொன்னதாகப் பேச்சு. யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீ மட்டும் அதை எழுத்தில் வாங்கின மாதிரி நம்பினாய்.

குழிக்குக் குழி வெற்றி எண்ணுகிற ஆட்டம். பதினேழு முடிந்ததும் நீ ஒன்று முன்னே. பதினெட்டில் எதிராளி நாலு அடியில் முடித்துவிட்டான். நீ இரண்டே அடியில் கிரீனுக்கு வந்தாய், இருபது அடி தூரம் மிச்சம். இரண்டு தட்டில் போட்டால் குழி சமன், ஆட்டம் உன்னுடையது. அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து பனி இறங்கிவிட்டது. "குழி தெரியல, கம்பைப் பிடிடா" என்றாய்.

பிடித்தேன்.

கம்பைப் பிடித்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். லேசாகத் திருகு, அடியிலிருந்து விடுவித்துக்கொள், அப்புறம் அப்படியே நிறுத்திப் பிடி. திருகினேன். வரவில்லை. முந்தின நாள் மழையில் மணல் ஏறி இறுகிப்போயிருந்தது. இன்னொரு தரம் திருகினேன். நீ குனிந்துவிட்டாய். உன் கால் விரல் ரப்பர் செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அது நடுங்கவே இல்லை. பந்து கிளம்பிப் பாதி தூரம் சத்தமில்லாமல் வந்தது, ஈரப் புல்லில் பின்னால் ஒரு கோடு விழுந்தது. இழுத்தேன். கம்போடு குழிக்குள் இருந்த தகரக் குவளையும் கழன்று மேலே வந்தது. பந்து கம்பில் பட்டு டிக் என்றது. அவ்வளவுதான் சத்தம்.

யாரும் கத்தவில்லை. எதிராளி மெதுவாக, கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னான்: "குழி எனக்கு." விதி அப்படித்தான் இருந்தது. தொரைமாருக்காவது ஒரு சிரிப்புச் சிரித்து விட்டுக்கொடுக்க மனம் வரும், நமக்குள் விதியை எழுத்துக்கு எழுத்து பார்ப்போம். ஆட்டம் சமன். முடிவு காண மறுபடி ஒண்ணாம் நம்பர் குழிக்குப் போனோம்.

இதுவரை உனக்குத் தெரிந்தது. தெரியாததை இப்போது எழுதுகிறேன்.

கம்பு இறுகியிருப்பது நீ தட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். கையைத் தூக்கி "அண்ணே, நில்லு" என்றால் போதும். நீ நின்றிருப்பாய். ஒரு மூச்சு விடுகிற நேரம் எனக்கு இருந்தது. நான் தூக்கவில்லை. அதற்கு முந்தின ராத்திரி அடுப்படியில் என்னிடம் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். யார், என்ன என்று இங்கே எழுத மாட்டேன். நம் ஜனங்களும் படிப்பார்கள், சொன்னவர் பதில் சொல்ல இன்று இல்லை. இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று அப்பா எழுதிக்கொடுத்திருந்த நேரம் அது என்பது மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கப்பலில் எத்தனை பேர் ஏறுவோம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த வீடு நம் வீடு.

அந்த வார்த்தையால்தான் கை எழவில்லை என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியவில்லை. 15 வயது. குளிர். ஆட்டத்துக்கு நடுவில் பேசினால் நீ அறைவாய். மூன்றில் எது? எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் எனக்கு வசதியானதுதான் முதலில் வந்து நிற்கிறது. மன்னித்துக்கொள் அண்ணே.

சரி, கேட்டுவிட்டேன். இனி என் பங்கையும் கேள். ஒண்ணாம் நம்பரில் பந்தை மரத்துக்குள் அடித்தது நானா? சாதாரண நாளில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடுவில் அடிக்கிற ஆள் நீ. கோபத்தை மட்டையில் காட்டினாய். ஜெயித்திருந்தால் அந்த ஐயா கூட்டிப்போயிருப்பார் என்கிறாயே, அந்த ஆட்டம் முடிகிறவரைகூட அவர் நிற்கவில்லை. நாம் மரத்துக்குள் பந்து தேடிக்கொண்டிருக்கும்போதே கார் கிளம்பிவிட்டது. ஜெயித்த பையனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனும் நம்மோடுதான் மறு திங்கட்கிழமை பை தூக்க வந்தான். நீ கொழும்புக்கும் போகவில்லை, கப்பலிலும் ஏறவில்லை. அடுத்த வருஷம் நாங்கள் புறப்பட்டபோது ஸ்டேஷனுக்கு வந்தாய். அம்மாவிடம் பேசினாய், அப்பாவிடம் பேசினாய், என் பெட்டியைக்கூடத் தூக்கி வைத்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு குழிக்காக!

83-ல் நடந்ததைப் பற்றி இங்கே எழுதவில்லை. உன் பக்கத்திலிருந்து ஆறு மாதம் செய்தி இல்லாமல் இங்கே எப்படி இருந்தோம் என்பதையும் எழுதவில்லை.

91-ல் அலி ஷேர் இந்தியன் ஓப்பன் ஜெயித்தார். கேடியாக இருந்தவர். அந்தப் பட்டத்தை ஜெயித்த முதல் இந்தியர். பேப்பரில் அவர் படத்தைக் கத்தரித்து உனக்கு அனுப்பினேன், பின்னால் 'பார்த்தாயா' என்று மட்டும் எழுதி. பதில் இல்லை. அம்மா செத்தபோது தந்தி கொடுத்தேன். நீ வரவில்லை, பாஸ்போர்ட் சங்கடம் எனக்குப் புரியும். ஒரு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் தேயிலை. நீலகிரியில், நாலு பக்கமும் தேயிலைச் செடிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு ஒரு கிலோ தேயிலை! ஒரு வரி எழுதி உள்ளே போட்டிருந்தால் கை தேய்ந்துபோயிருக்குமா? அந்தத் தூளை நான் தொடவே கூடாது என்று இருந்தேன். வீட்டில் போட்டுவிட்டார்கள். நம் ஊர் வாசம் வந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

இப்போது இந்தியப் புரோ போட்டிகளின் முடிவுகளை மகள் போனில் காட்டுவாள். பட்டியலில் இலங்கைக் கொடியோடு தங்கராஜா, பிரபாகரன் என்று பெயர்கள் வரும்போதெல்லாம் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன். யார் வீட்டுப் பிள்ளைகளோ. எனக்கென்னவோ அந்த மாஷியின் வெண்கல வளையம்தான் ஞாபகம் வரும்.

அந்த மட்டை இன்னும் யாரிடமாவது இருக்கிறதா? ஜெயித்தவன் மகனிடம் இருக்கலாம் என்று ஒரு பையன் சொன்னான். நான் கேட்டுப் பார்க்கப்போகிறேன். கொடுப்பானோ மாட்டானோ. கொடுத்தால் ஆணி நான் கொண்டுவருகிறேன். "ஜெயிக்காத பெயரைக் கீறுவதா?" என்று நீ சீறுவாய். சீறு. அதையாவது நேரில் செய்.

நானு ஓயாவுக்கு வருவதானால் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு வா. உனக்கு நெஞ்சுச் சளி என்று கேள்வி. முடியாவிட்டால் மகனை அனுப்பு. இரண்டு பேரும் வராவிட்டால் நானே பஸ் பிடித்து வந்துவிடுவேன், வழி மறக்கவில்லை.

தேயிலை கொண்டுவரவில்லை.

உன் தம்பி